கைப்பேசி வழியே வரும் பொட்டலம்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, யாராவது ஒருவர் மட்டும் வகுப்பறை வாசலில் தயங்கி நிற்பார். பிள்ளைகளின் கைப்பேசி வழியே போதைப்பொருள் வந்து சேர்வதைப் பற்றித்தான் பேச்சு, கேள்வியும் ஏறக்குறைய ஒன்றேதான்: "சார், எந்த ஆப்பை எடுத்துவிட்டால் இது தீரும்?" மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துவதோடு, எங்கள் பள்ளியின் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்தையும் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். என் பதில் பெரும்பாலும் அவர்களுக்கு ஏமாற்றத்தையே தருகிறது. எந்தச் செயலியை எடுத்தாலும் தீராது. விற்பவனுக்கு அது ஒரு கடைத்தெரு. ஒன்றை மூடினால் அடுத்ததில் துணி விரித்து உட்காருவான். அவனுடைய உண்மையான முதலீடு வேறு. "வீட்டுக்குத் தெரிந்தால் அப்பா என்னைக் கொன்றுவிடுவார்" என்று பிள்ளை நடுங்குகிறதே, அந்த நடுக்கம்தான். அதை வைத்துத்தான் முதல் பொட்டலம் இரண்டாவதாகிறது, இரண்டாவது கடனாகிறது.

ஆகவே கைப்பேசி அமைப்புகளுக்குச் சற்றுத் தாமதமாகவே வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரம் நடக்கும் விதம்

தெருமுனையில் சந்தேகத்துக்குரிய ஆள் ஒருவன் நிற்பான் என்ற படம் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. இன்று முதல் அறிமுகம் பெரும்பாலும் தெரிந்த முகம் வழியாகத்தான் வருகிறது: இரண்டு வகுப்பு மூத்த மாணவன், டியூஷன் தோழன், உறவுக்காரப் பையன். அவன் ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயரைச் சொல்வான். அந்தக் கணக்கில் பதிவே இருக்காது, அல்லது பைக் படங்களும் ஊர் சுற்றிய படங்களுமாக இருக்கும். சரக்கு வந்திருக்கும் செய்தி 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில், அதுவும் "நெருங்கிய நண்பர்கள்" பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி வரும். பதில் அனுப்பியவுடன் பேச்சு டெலிகிராமுக்கோ ஸ்னாப்சாட்டுக்கோ மாறும். அங்கே செய்திகள் தாமாகவே அழியும்படி வைத்துக்கொள்ள முடியும்.

பணம் யூபிஐயில் போகும். 300, 500 என்ற சிறு தொகைகள், பெரும்பாலும் முன்பின் தெரியாத மூன்றாம் நபரின் பெயருக்கு. பொருளைக் கையோடு கை கொடுப்பதும் குறைந்துவருகிறது. சுவர் இடுக்கிலோ மின்பெட்டிக்குப் பின்னாலோ வைத்துவிட்டு, இடத்தின் படத்தையும் வரைபடப் புள்ளியையும் அனுப்பிவிடுவார்கள். மாத்திரை என்றால் சாதாரண கூரியர் பார்சலாகவே வரலாம். உறையில் வேறு ஏதோ பொருளின் பெயர் எழுதியிருக்கும்.

இதில் பெற்றோர் கவனிக்கத் தவறும் கட்டம் ஒன்று உண்டு. முதல் முறை இலவசம். அடுத்த முறை "காசு அப்புறம் கொடு" என்பான். நான்காம் முறை கணக்கு வரும்: நாலாயிரம் பாக்கி. பதினாறு வயதுப் பையனிடம் நாலாயிரம் எங்கிருந்து வரும்? "சரி, பணம் வேண்டாம். இந்தப் பையை ரயில் நிலையத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வா." அந்த நிமிடத்தில் வாங்கியவன் கடத்துபவனாகிறான். அவனுக்கே அது புரிவதில்லை. அவன் பார்வையில் அது நண்பனுக்குச் செய்த ஒரு உதவி.

இன்னொரு வகையும் இருக்கிறது. சரக்கே இல்லாத வெறும் மோசடிக் கணக்குகள். முன்பணம் வாங்கிக்கொண்டு, "நீ கேட்டதெல்லாம் என்னிடம் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கிறது, போலீசுக்கு அனுப்பவா, உன் அம்மாவுக்கு அனுப்பவா" என்று மிரட்டிக் கறப்பார்கள். பொருளையே கண்ணால் பார்க்காத பிள்ளை, பல மாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

விற்கப்படுவது என்ன? கஞ்சாதான் இன்றும் முன்னணியில். அடுத்து, தமிழகக் காவல்துறை செய்திகளில் அடிக்கடி அடிபடும் டேபன்டடால் போன்ற வலி நிவாரணி மாத்திரைகள். பெருநகரங்களில் மெத்தம்பெட்டமைன், எம்டிஎம்ஏ, "ஸ்டாம்ப்" என்று சொல்லப்படும் எல்எஸ்டி. என்னை அதிகம் கவலைப்பட வைப்பவை மாத்திரைகள். கஞ்சா தவறு என்று பிள்ளைக்குத் தெரியும். மாத்திரை விஷயத்தில், "மருந்துக்கடையில் விற்பதுதானே சார்" என்று ஒரு மாணவன் என்னிடமே கேட்டான். டேபன்டடால் அபின் வகை மருந்துகளைப் போல வேலை செய்வது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. மதுவோடோ தூக்க மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

அமெரிக்காவில் இது எந்த எல்லைக்குப் போனது என்பதை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அங்கே ஸ்னாப்சாட் போன்ற தளங்களில் வலி மாத்திரை என்று நம்பி வாங்கிய பதின்ம வயதினர் பலர் ஒரே மாத்திரையில் இறந்தார்கள்; உள்ளே இருந்தது ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கை அபின் வகை மருந்து. அந்நாட்டுப் போதைத் தடுப்பு முகமை 2023இல் தன் ஆய்வகத்தில் சோதித்த போலி ஃபென்டனில் மாத்திரைகளில் பத்துக்கு ஏழில் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இருந்ததாக அறிவித்தது. அந்த அளவு வெறும் 2 மில்லிகிராம். நம் ஊர்ச் சந்தையில் ஃபென்டனில் பெரிய பங்கு வகிக்கவில்லை. ஆனால் முகம் தெரியாதவனிடம் வாங்கும் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இங்கும் யாரும் பொறுப்பில்லை.

படி 1: கைப்பேசியைத் தொடும் முன் ஒரு வாக்கு

பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள், உங்கள் சொந்த வார்த்தைகளில்: "நீ எங்கே இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், எத்தனை மணியானாலும் கூப்பிடு. வந்து அழைத்துக்கொண்டு வருவேன். அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். மறுநாள் பேசுவோம்." சொன்னால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். பரீட்சையில் மதிப்பெண் குறைந்ததற்கும் பைக்கைக் கீழே போட்டதற்கும் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை வைத்துத்தான் இந்த வாக்கின் மதிப்பைப் பிள்ளை எடைபோடும்.

உங்களிடம் சொல்லத் தயங்கினால் வேறு யாரிடம் சொல்லலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சித்தி, தாய்மாமா, பக்கத்து வீட்டு அக்கா, யாராகவும் இருக்கட்டும். அந்த ஆளிடமும் சொல்லி வையுங்கள்: பிள்ளை வந்து எதைச் சொன்னாலும் முதல் பத்து நிமிடம் திட்டக் கூடாது. நம் குடும்பங்களில் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்ற எண்ணம் பிள்ளையைக் காட்டிலும் பெரியவர்களை அதிகமாக வாயடைக்கிறது. பல வீடுகளில் தாய்க்குத் தெரிந்திருக்கும், தந்தைக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் ஆறு மாதம் ஓடிவிடும்.

பேச்சை எப்படித் தொடங்குவது? எதிரே உட்கார வைத்து ஆரம்பித்தால் அது விசாரணையாகிவிடும். பைக்கில் பின்னால் அமர்ந்திருக்கும்போது, காய்கறி நறுக்கும்போது, முகம் பார்க்காத வேளையில் எளிது. "உனக்கு இப்படி ஏதாவது..." என்று தொடங்க வேண்டாம். "உன் செட்டில் யாருக்காவது இந்த மாதிரி மெசேஜ் வந்திருக்கிறதா? வந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். அடுத்தவனைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் தாராளமாகப் பேசுவார்கள். பேசும்போது குறுக்கே புத்திமதி சொல்லிவிட்டால் அடுத்த வாரம் பேச்சு இருக்காது. இதை நான் என் மகளிடமே கற்றுக்கொண்டேன்.

கடன் பொறியை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். "இலவசமாகக் கொடுத்தால் ஏன் கொடுக்கிறான்?", "யாருடைய பையையாவது எடுத்துப் போகச் சொன்னால் உள்ளே என்ன என்று பார்த்தாயா?" போதையின் தீமைகளைப் பட்டியலிடுவதைவிட, தன்னை ஒருவன் ஏமாற்றப் பார்க்கிறான் என்ற எண்ணம் இந்த வயதில் ஆழமாகத் தைக்கிறது. ஏமாந்தவன் என்று பெயர் வாங்க எந்தப் பதினைந்து வயதுக்கும் பிடிக்காது.

படி 2: செயலிகளும் பணமும்

இதைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து முடிக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் பிறந்த தேதி உண்மையானதா என்று பாருங்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கான பதின்ம வயதுக் கணக்கு 2024 செப்டம்பரில் சில நாடுகளில் அறிமுகமாகி, 2025இல் இந்தியாவுக்கும் வந்தது. அதில் கணக்கு இயல்பாகவே பூட்டியிருக்கும். முன்பின் தொடர்பில்லாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்டிருந்தால் இவை எதுவும் வேலை செய்யாது. நம் பிள்ளைகளில் பலர் பத்து வயதிலேயே கணக்கு தொடங்கப் பொய்யான ஆண்டைப் போட்டவர்கள். பல நேரம் போட்டுக்கொடுத்தவர்களே நாம்தான்.

டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் "என்னைக் குழுக்களில் யார் சேர்க்கலாம்" என்ற இடத்தில் "என் தொடர்புகள்" என்று மாற்றுங்கள். டெலிகிராமில் எண்ணை யாரும் பார்க்க முடியாதபடி வையுங்கள். ஸ்னாப்சாட்டில் வரைபடத்தில் தம் இடத்தை மறைக்கும் வசதியை இயக்கி, அதன் "குடும்ப மையம்" (ஃபேமிலி சென்டர்) என்ற பெற்றோர் வசதியில் இணையுங்கள். யாரோடு பேசுகிறான் என்று தெரியும், என்ன பேசுகிறான் என்று தெரியாது. அந்த அளவு போதும்.

மாதம் ஒரு முறை யூபிஐ கணக்கைச் சேர்ந்து பாருங்கள். பல வீடுகளில் பிள்ளை அம்மாவின் கணக்கையே பயன்படுத்துகிறது. ஒரே தொகை, வெவ்வேறு அறியாத பெயர்களுக்கு, வார இறுதிகளில் போயிருந்தால் கேளுங்கள். அது விளையாட்டுச் செயலிக்குப் போன பணமாகவும் இருக்கலாம். அதையும் கேட்கத்தானே வேண்டும்.

ரகசியமாக உளவு பார்க்கும் மென்பொருள் வேண்டாம். அது ஒரு நாள் கண்டுபிடிக்கப்படும். அன்று முதல் பிள்ளையின் உண்மையான வாழ்க்கை நண்பனின் கைப்பேசிக்கு இடம் மாறும், முதல் படியில் கொடுத்த வாக்கும் செல்லாக்காசாகும்.

படி 3: அறிகுறிகளைப் படிப்பது

எமோஜி அகராதி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மேப்பிள் இலை பொதுவாகப் போதைப்பொருளுக்கு, மின்செருகி விற்பவனுக்கு, பனிச்செதில் கொக்கெய்னுக்கு என்பதெல்லாம் அமெரிக்க முகமை வெளியிட்ட பட்டியலிலிருந்து வந்தவை. தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துத் தீர்ப்பெழுதாதீர்கள். பனிச்செதிலை மார்கழிக் குளிருக்கும் போடுவார்கள். அதோடு குறியீடுகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன.

உடலும் பையும் சொல்பவை நம்பகமானவை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, கையில் ஊசித் தழும்பு, பையில் காலியான மாத்திரை அட்டைகள், எந்நேரமும் கண் சொட்டு மருந்து, இரண்டு இரவு தூங்காமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் எழுப்ப முடியாத உறக்கம், தொலைந்ததாகச் சொல்லப்படும் இயர்போன், சங்கிலி, வாட்ச். பழைய நண்பர்கள் ஒரே மாதத்தில் மறைந்து, பெயர் சொல்லாத புது நண்பர்கள் வந்திருப்பது. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தவுடன் முகம் வெளிறுவது. இது கடன் அல்லது மிரட்டலின் அடையாளம், இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அது வளர்பருவமாகவே இருக்கலாம். சில வாரங்களுக்குள் மூன்று நான்கு சேர்ந்தால் விசாரியுங்கள். மன அழுத்தத்துக்கும் இதே அறிகுறிகள் உண்டு; அப்போதும் பிள்ளைக்குத் தேவைப்படுவது உதவிதான்.

கீழ்வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை, பசை, ஒயிட்னர் போன்றவற்றை முகர்வதுதான். இதை யாரும் ஆன்லைனில் விற்க வேண்டியதில்லை. பென்சில் டப்பாவிலேயே இருக்கிறது.

படி 4: உயிர் ஆபத்து என்றால்

எழுப்பினால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது குறட்டை போல இழுக்கிறது, உதடும் நகமும் நீலம் பாரிக்கிறது என்றால் உடனே 108. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவரின் நுரையீரலுக்குள் போய்விடும். உடல் கொதிக்க, வியர்த்து, வெறி பிடித்தவர் போல நடந்துகொண்டாலும் அது அவசரம்தான். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடுவதில்தான் உயிர்கள் போகின்றன.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், மாத்திரை அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "ஃபுட் பாய்சன்" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்ற நினைத்தால் மருத்துவர் தவறான திசையில் தேடிக்கொண்டிருப்பார்.

படி 5: செய்தியையோ பொருளையோ கண்டுவிட்டீர்கள்

அன்றைய இரவு கைப்பேசியைச் சுவரில் எறிவது பல தந்தைகளின் முதல் வேலை. அதோடு ஆதாரமும் உடைகிறது.

செய்தியை அழிக்காதீர்கள், செயலியை நீக்காதீர்கள். ஸ்னாப்சாட் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமின் மறையும் செய்திகளிலும் அப்படியே. எனவே இன்னொரு கைப்பேசியின் கேமராவால் திரையைப் படமெடுங்கள். கணக்கின் காட்டும் பெயரோடு நிற்காமல், பயனர் பெயரை எழுத்து மாறாமல், புள்ளி, கோடு உட்படக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கின் இணைப்பு, தேதி, நேரம், யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன பெயர், கூரியர் உறை ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நீங்களே வாங்குபவர்போல நடித்துப் பொறி வைக்க வேண்டாம். ஆர்டர் கொடுத்தது நீங்கள் என்ற பதிவுதான் மிஞ்சும். விற்பவனை நேரில் போய் மிரட்டவும் வேண்டாம். அவனுக்கு உங்கள் வீடு தெரியும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டு "எச்சரிக்கை" விடுப்பது இவற்றில் மோசமானது. பக்கத்து வீட்டுப் பையனின் பெயர் அதில் இருந்தால் அவன் வாழ்க்கை அங்கேயே முடிந்தது. இத்தகைய விஷயத்தில் சிக்கிய சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடை செய்கிறது.

பொருளே கிடைத்துவிட்டால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலையாதீர்கள். வைத்திருப்பதே குற்றம். உடனே வழக்கறிஞரிடம் பேசுங்கள். வசதியில்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண் இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி கிடைக்கும்.

பிள்ளையிடம் அன்றிரவு கேட்க வேண்டியவை மூன்றே: இப்போது உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, யாருக்காவது பணம் பாக்கியா, யாராவது மிரட்டுகிறார்களா. "ஏன் செய்தாய்" என்ற கேள்விக்கு அவனிடமே விடை இருக்காது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: சட்டம் பிள்ளையை எங்கே நிறுத்துகிறது

பெற்றோர் புகார் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரே காரணம், "என் பிள்ளையையும் உள்ளே போட்டுவிடுவார்கள்." அச்சம் நியாயமானது. அதனால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அளவை வைத்துத் தண்டனையைப் பிரிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, அதற்கு ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. வணிக அளவு தொடங்குவது 20 கிலோவில். தண்டனை குறைந்தது 10 ஆண்டு, கூடியது 20 ஆண்டு. கஞ்சாவை வைத்துப் பழகிய பையன் மற்றவையும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறான். மெத்தம்பெட்டமைனில் வணிக அளவு 50 கிராம், எம்டிஎம்ஏவில் 10 கிராம், எல்எஸ்டியில் 0.1 கிராம். சட்டைப் பைக்குள் அடங்குபவை. வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பதே கடினம். "நண்பன் கொடுக்கச் சொன்னான், கொடுத்தேன்" என்ற கல்லூரி முதலாண்டு மாணவனுக்கு 18 முடிந்திருந்தால் இந்தக் கணக்குதான்.

அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலரும் அறியவில்லை. போதைப் பழக்கத்துக்கு ஆளானவர், உட்கொண்ட குற்றத்துக்கோ சிறு அளவுக் குற்றத்துக்கோ உள்ளாகியிருந்து, தாமாக முன்வந்து அரசின் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். ஆக, முதலில் சிகிச்சைக்குப் போவது மருத்துவ ரீதியில் சரியானது மட்டுமல்ல, சட்ட ரீதியிலும் பாதுகாப்பானது.

18 வயதுக்குட்பட்டவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிறுத்தப்படுவார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவரையும், 78ஆம் பிரிவு குழந்தையை விற்கவோ சுமக்கவோ பயன்படுத்துபவரையும் ஏழாண்டு வரை கடுங்காவலுக்கும் ஒரு லட்சம் வரை அபராதத்துக்கும் உள்ளாக்குகிறது. உங்கள் பிள்ளையைப் பை தூக்க வைத்தவனுக்கு எதிராக நீங்கள் எடுக்க வேண்டிய ஆயுதம் இந்த 78. புகாரில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

படி 7: புகார், சரியான வரிசையில்

ஆத்திரத்தில் முதலில் செயலிக்குள் "ரிப்போர்ட்" அழுத்துகிறோம். கணக்கு முடங்குகிறது, மறுநாள் வேறு பெயரில் முளைக்கிறது, உங்கள் ஆதாரம் மட்டும் காணாமல் போகிறது. காவல்துறைக்கு முதலில், தளத்துக்குப் பிறகு.

தேசியப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பின் "மானஸ்" உதவி எண் 1933, 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. பெயரை வெளியிடாமல் தகவல் தரலாம். தமிழ்நாட்டில் கட்டணமில்லா எண் 10581. ஆபத்து உடனடியானால் 112. குழந்தைகளுக்கு 1098. பணம் பறிக்கும் மிரட்டல் என்றால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணும் அதன் தேசிய இணையதளமும். "எங்கள் ஏரியாவில் விற்கிறார்கள்" என்ற பொதுவான தகவல் எதற்கும் உதவாது. பயனர் பெயர், நேரம், இடம், யூபிஐ பெயர், வண்டி எண் என்று கொடுங்கள்.

அதன் பின் தளத்துக்கு. சட்டவிரோதப் பொருள் விற்பனை என்ற வகையில் புகாரளித்து, பதில் வரவில்லையென்றால் அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் ஒப்புகையும், 2026ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 7 நாளுக்குள் முடிவும் தர வேண்டும்.

"டெலிகிராமில் எதையும் பிடிக்க முடியாதாமே" என்று மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதன் நிறுவனர் பாவெல் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானதும், அடுத்த மாதமே விதிகளை மீறுவோரின் ஐபி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் முறையான சட்டக் கோரிக்கை வந்தால் கொடுப்போம் என்று அந்நிறுவனம் அறிவித்ததும் அவர்களுக்குத் தெரியாது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசை சற்று அமைதியாவதைக் கவனித்திருக்கிறேன்.

படி 8: சிகிச்சை

14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநல ஆலோசனைக்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் பார்க்கின்றன. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இத்துறையில் மூத்தது.

தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அது கட்டாயம். மனநல மருத்துவர் வருகிறாரா, பெற்றோர் பிள்ளையைப் பார்க்கலாமா, 18 வயதுக்குட்பட்டோருக்குத் தனி இடம் உண்டா? "வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம், மூன்று மாதம் நீங்கள் வர வேண்டாம்" என்று சொல்லும் இடத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

வீட்டிலேயே அறைக்குள் பூட்டி நிறுத்திவிடலாம் என்றும் எண்ணாதீர்கள். வலி நிவாரணி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வாட்டும். அந்த வேதனையில்தான் பிள்ளை ஜன்னல் வழியே விற்பவனைத் தேடி ஓடுகிறது. தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்திருந்தால் வலிப்பே வரலாம். மருத்துவர் மேற்பார்வை வேண்டும். மீண்டும் ஒரு முறை தவறி விழுவதும் நடக்கக் கூடியதே. அன்றும் முதல் படியில் சொன்ன வாக்கு செல்லும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 9: பள்ளியும் வீட்டின் மற்றவர்களும்

பள்ளியிடம் எழுத்தில் பேசுங்கள், தலைமையாசிரியரோடும் ஆலோசகரோடும் மட்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், பிடிபட்ட மாணவனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேற்றினார்கள். நானும் கீழே வரிசையில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அவன் மறுநாளிலிருந்து வரவில்லை. அவனுக்கு விற்ற மூத்தவன் அந்த ஆண்டு முழுவதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடிய ஒருவனையும் மேடை ஊமையாக்கிவிட்டது. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகச் சொன்னால் உடனே கையெழுத்திடாதீர்கள். பிள்ளை சிகிச்சையில் இருப்பதற்கான கடிதத்தைக் கொடுத்து, கால அவகாசம் கேளுங்கள். வளாகத்துக்குள்ளும் அருகிலும் விற்பனை நடந்தால் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டலாம் என்பது பள்ளிக்கே தெரிந்திருக்காது. அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களை மறந்துவிடாதீர்கள். இரவெல்லாம் அழுகையையும் அதட்டலையும் கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள், வெளியே விசாரிப்பார்கள். அவர்கள் வயதுக்குப் புரியும்படி நடந்ததைச் சொல்லுங்கள். அண்ணனிடம் பணம் கேட்டு யாராவது அவர்களுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அனுப்பியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே கேளுங்கள்.